இருமல் மருந்தும் தங்கப் பதக்கமும்

"நெருப்பில்லாமல் புகையுமா?"

நம் வீடுகளில் இதைவிடச் சுலபமாக வாயில் வருகிற தீர்ப்பு வேறு கிடையாது. அடுத்த தெருப் பெண் திடீரென்று வேலையை விட்டு நின்றால் இதே கேள்வி. மருமகள் பிறந்த வீட்டில் இரண்டு நாள் கூடத் தங்கிவிட்டால் இதே கேள்வி. விளையாட்டு வீராங்கனை யாராவது ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினாள் என்று பேப்பரில் ஒரு மூலையில் செய்தி வந்தாலும் இதே கேள்விதான். கோர்ட்டில் என்றால் திருடனுக்குக்கூடச் சந்தேகத்தின் பலன் உண்டு. ஓடிப் பதக்கம் வாங்கிய பெண்ணுக்கு மட்டும் ஏன் இல்லை? இந்த இதழில் அதைத்தான் உங்களோடு பேச நினைக்கிறேன், சகோதரிகளே.

திருச்சிக்குப் பக்கத்தில் முடிகண்டம் என்கிற கிராமத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்துவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். ஏழை விவசாயக் குடும்பம். மகளுக்குச் சாப்பாடு வேண்டும் என்பதற்காக அப்பா மாட்டுத் தீவனத்தைத் தின்ற கதையை அவர் கண்ணீரோடு சொன்னபோது அழாத வீடு இல்லை. இங்கே மாதவரம் பால் பூத் வரிசையில்கூட ஒரு வாரம் அதே பேச்சுதான்.

அடுத்த மாதமே இன்னொரு செய்தி வந்தது. அவருடைய சிறுநீர் மாதிரியில் நான்ட்ரலோன் என்ற ஸ்டீராய்டின் அடையாளம் இருக்கிறதாம். "தெரிந்து எதையும் நான் சாப்பிட்டதில்லை" என்று அவர் மறுத்தார். விசாரணை நடந்தது. 2020-இல் நான்கு ஆண்டுத் தடை விதித்தார்கள். தங்கமும் போயிற்று. பூத் வரிசையும் மாறிவிட்டது. "இன்னாக்கா, தப்பு பண்ணாமலா மாட்டுவாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். முன்பு கண்ணைத் துடைத்துக்கொண்டவளும் அவளேதான்!

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான 'வாடா' 1999-இல் ஏற்பட்டது. இந்தியாவில் 'நாடா' 2005-இலிருந்து இருக்கிறது. 2022-இல் நாடாளுமன்றமே இதற்கென்று தனிச் சட்டம் போட்டது. இவற்றின் அடிப்படை விதி ஒன்றுதான்: உன் உடம்பில் இருப்பதற்கு நீயே பொறுப்பு. யார் கொடுத்தது, தெரிந்து சாப்பிட்டாயா, தெரியாமல் சாப்பிட்டாயா என்பதெல்லாம் அப்புறம். மருந்து இருந்தது என்று தெரிந்தாலே குற்றம் நிரூபணமானது போலத்தான். அது எப்படி உள்ளே வந்தது என்று காட்ட வேண்டியது ஆட்டக்காரரின் வேலை. காட்டினால் தண்டனை குறையலாம். காட்டாவிட்டால் ஸ்டீராய்டு போன்றவற்றுக்கு நான்கு வருஷம். ஓட்டக்காரிக்கு நான்கு வருஷம் என்றால் பாதி ஆயுள்.

அநியாயமாக இருக்கிறதே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தோஹாவில் கோமதிக்குப் பின்னால் இரண்டாவதாக ஓடி வந்தவரையும் நினைத்துப் பாருங்கள். சீனாவைச் சேர்ந்த வாங் சுன்யு. அவரும் ஒரு தாய் பெற்ற பெண்தான். அவரும் விடியற்காலையில் எழுந்துதான் ஓடியிருப்பார். "எனக்குத் தெரியாது" என்ற ஒரு வார்த்தைக்கே எல்லாரையும் விட்டுவிட்டால், மருந்தில்லாமல் ஓடுகிற பெண்களுக்கு யார் நியாயம் சொல்வது? அதனால் சோதனையில் சிக்கியவரின் பதக்கத்தைத் திருப்பி வாங்குவது சரி என்றுதான் நான் சொல்வேன். பதக்கத்துக்குச் சந்தேகத்தின் பலன் கூடாது.

மனுஷிக்கு?

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் ஆண்ட்ரியா ரடுகான் என்ற பதினாறு வயதுப் பெண் ஜிம்னாஸ்டிக்ஸில் தங்கம் வாங்கினாள். சளி பிடித்திருந்ததற்கு அணி டாக்டரே கொடுத்த மாத்திரையில் சூடோஎபிட்ரின் இருந்தது. மூக்கடைப்புக்கு எல்லோரும் சாப்பிடுகிற சாதாரண மருந்து. தங்கத்தைப் பறித்துவிட்டார்கள். அந்தக் குழந்தையா ஏமாற்றுக்காரி?

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு 2019-இல் எட்டு மாதத் தடை விதிக்கப்பட்டது ஒரு இருமல் மருந்தால். அதில் இருந்தது டெர்ப்யூட்டலின். கடையில் வாங்கிக் குடித்தேன் என்றார். கிரிக்கெட் வாரியமும் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தண்டனை தண்டனைதான். உங்கள் அலமாரியில் இருக்கிற இருமல் சிரப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பல சிரப்களில் அந்தப் பெயர் இருக்கும்.

இன்னொன்று, பெண்களாகிய நமக்கே உரியது. கல்யாணம், கோவில் விசேஷம் என்று நாள் தள்ளிப்போட மாத்திரை சாப்பிடுகிறோமே, நோரெதிஸ்டரோன், அது தடை செய்யப்பட்ட மருந்து அல்ல. ஆனால் உடம்பில் கரையும்போது நான்ட்ரலோன் விட்டுச் செல்கிற அதே அடையாளப் பொருளைக் கொஞ்சம் விடும். கர்ப்பிணியின் சிறுநீரிலும் அது சிறிதளவு தென்படும். ஒரு மில்லிலிட்டருக்கு இரண்டு நானோகிராம்தான் எல்லை என்று வைத்திருந்தார்கள். ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்! மாத்திரையால் வந்ததா, கர்ப்பத்தால் வந்ததா என்று பிரித்துப் பார்க்கப் பரிசோதனைக் கூடங்களுக்கு வழிமுறை இருக்கிறது. கோமதி விஷயத்தில் இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. அங்கே தீர்ப்பு வந்தாகிவிட்டது. பெண் உடம்பு எவ்வளவு நுட்பமானது என்பதற்காகச் சொன்னேன். சோதனைக்கு மாதிரி கொடுக்கும்போதே, சமீபத்தில் சாப்பிட்ட மருந்துகளைப் படிவத்தில் எழுதச் சொல்வார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு "ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டால் பிற்பாடு வாதாடுவது கஷ்டம்.

இதற்காகச் சொல்கிறவர்களை எல்லாம் நம்பிவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மல்யுத்த வீரர் நர்சிங் யாதவ் 2016-இல் "என் சாப்பாட்டில் யாரோ கலந்துவிட்டார்கள்" என்றார். இங்கே நாடாவின் குழு நம்பி விடுவித்தது. ரியோ ஒலிம்பிக்கில் அவர் களம் இறங்குவதற்கு முதல் நாள், விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் அதை நம்பாமல் நான்கு வருஷம் தடை போட்டது.

நேர்மாறாகவும் நடக்கும். மணிப்பூர் பளுதூக்கும் வீராங்கனை சஞ்சிதா சானுவை 2018-இல் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். பிறகு, மாதிரியைக் கையாண்டதிலேயே குறை இருக்கிறது என்று 2020-இல் குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். கைவிட்டாலும் போன காலம் திரும்புமா? அதே சஞ்சிதாவுக்கு வேறொரு சோதனைக்காக 2023-இல் நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. ஒரு தடவை நிரபராதி என்றால் எப்போதும் நிரபராதி என்றும் இல்லை, ஒரு தடவை சிக்கினால் எப்போதும் திருடி என்றும் இல்லை. ஒவ்வொரு வழக்கையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

என் மனசை உறுத்துவது வேறு ஒன்று. சந்தேகத்தின் பலன் காசு இருக்கிறவர்களுக்கே சுலபமாகக் கிடைக்கிறது. போலந்தின் டென்னிஸ் வீராங்கனை இகா ஸ்வியாடெக் 2024-இல் சிக்கினார். தூக்கத்துக்கு அவர் சாப்பிட்ட மெலடோனின் மாத்திரையில் தடை மருந்து கலந்திருந்தது என்று பரிசோதனைக் கூடத்திலேயே நிரூபிக்க முடிந்தது. ஒரே மாதத் தடை. மறுபடி ஆட வந்துவிட்டார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் உண்மையை நிரூபிக்க வக்கீல், டாக்டர், பரிசோதனைக் கூடம் எல்லாம் கிடைத்தன. முடிகண்டத்திலிருந்தோ எண்ணூர் குப்பத்திலிருந்தோ வருகிற பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? இரண்டாவது மாதிரியைச் சோதிக்கக்கூடச் சொந்தக் காசு கட்ட வேண்டும். காலி மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டிருப்பாள். ஹாஸ்டலில் கொடுத்ததைத் தின்றிருப்பாள். பயிற்சியாளர் கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் விழுங்கியிருப்பாள்.

பயிற்சியாளர் என்றதும் 2011 ஞாபகம் வருகிறது. டெல்லி காமன்வெல்த் போட்டியில் தொடர் ஓட்டத் தங்கம் வாங்கிய நால்வரில் மூன்று பெண்கள், அசுவினி அக்குஞ்சி, சினி ஜோஸ், மந்தீப் கவுர், மறு வருஷம் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் சீனாவில் வாங்கி வந்த ஜின்செங் மாத்திரையால் வந்தது என்றார்கள். இங்கே ஒரு வருஷம் தடை. சர்வதேச மன்றம் இரண்டாக்கியது. "சார் கொடுத்தார்" என்பது அங்கே பதில் ஆகாது.

போகட்டும், நமக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது. 2023-இல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213 தவறிவிட்டன. 5,000-க்கு மேல் சோதனை செய்த நாடுகளில் நம் நாட்டின் விகிதம்தான் மிக அதிகம். பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளும் சிக்குகிறார்கள். ஜிம்முக்குப் போகிற பையன்கள் ஊசி போட்டுக்கொண்டு உயிரை விட்ட செய்தி நம் வடசென்னைப் பக்கத்திலிருந்தே வந்திருக்கிறது. என் எதிர் வீட்டுப் பெண் ஒரு நாள் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, "அக்கா, பாப்பா ஸ்கூல்ல ஓடுறா. இந்தப் பவுடர் குடுத்தா தெம்பா இருக்கும்னு சொல்றாங்க, குடுக்கட்டுமா?" என்று கேட்டாள். டப்பாவில் தயாரிப்பாளரின் விலாசமே இல்லை! "வேணாம்மா, முட்டையும் சுண்டலும் பாலும் போதும். நம்ம ஊரே பால் பண்ணை ஊருதானே" என்று திருப்பி அனுப்பினேன்.

விளையாடுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் சிலவற்றைக் கவனியுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், "இவள் போட்டிகளில் ஓடுகிறாள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்துச் சீட்டையும் காலி அட்டையையும் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் தேதியோடு போட்டு வையுங்கள். பாட்டியின் கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் நீர் மாத்திரை, பிரஷர் மாத்திரைகளில் சில, 'தெம்பு ஊசி' என்கிறார்களே அது, எல்லாம் தடைப் பட்டியலில் உண்டு. பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள். ஆஸ்துமா போன்ற நோய்க்கு மருந்து அவசியம் என்றால் நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சைக்காக முன் அனுமதி வாங்க விதியிலேயே இடம் இருக்கிறது. மருந்தின் பெயரைப் போட்டுப் பார்க்க நாடாவே செல்போனில் ஒரு செயலி வைத்திருக்கிறது. பயிற்சியாளர் ஏதாவது கொடுத்தால், "இது என்ன சார்?" என்று கேட்கிற தைரியத்தைப் பெண்ணுக்குக் கொடுங்கள். அவர் முகம் சுளித்தால் நீங்களே போய்க் கேளுங்கள்.

பெண்ணுக்குத் திடீரென்று குரல் தடித்தாலும், முகத்தில் ரோமம் வளர்ந்தாலும், மாதவிலக்கு நின்றாலும் அலட்சியமாக இருக்காதீர்கள். வேறு காரணமும் இருக்கலாம், ஸ்டீராய்டாகவும் இருக்கலாம். திட்டாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஸ்டீராய்டு என்றால் பதக்கத்தோடு போகாது. ஈரல், இதயம், நாளைய தாய்மை வரைக்கும் கை வைக்கும்.

என் தீர்ப்பு இதுதான். விதி கடுமையாகவே இருக்கட்டும். பதக்கம் சுத்தமானவள் கழுத்துக்கே போகட்டும். ஆனால் தண்டனை கொடுக்க ஒரு மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு தண்டனையைத் தெருவில் நின்று நாம் கொடுக்க வேண்டாம். விசாரணை முடியும் வரை வாயை மூடிக்கொண்டிருப்பதும், தடைக் காலம் முடிந்து திரும்புகிறவளை மறுபடி ஓட விடுவதும் நம்மால் முடிந்த நியாயம். கோமதியின் தடை 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. நம் வாயில் இருக்கிற தடையும் முடிய வேண்டாமா?

உங்கள் வீட்டு மருந்து அலமாரியை இன்றைக்கே ஒரு தடவை ஒழுங்கு செய்துவிடுங்கள், சகோதரிகளே. ஓடுகிற பிள்ளை இல்லாத வீட்டுக்கும் அது நல்லதுதான்!