காவற்பலகையைக் கழற்றாதீர்

மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, மாணவப் பருவத்து இனிய நினைவுகளையே எழுத எண்ணினோம். அண்மையில் எம் கைக்கு வந்த ஒரு சிறு விளக்கு அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது.

அது உடப்புக் கரையைச் சேர்ந்த ஒரு கடற்றொழிலாளியினுடையது. மூன்று இலிதியம் அயன் மின்கலங்களைத் தொடராக இணைத்து அமைத்தது. இடைநடுவில் அணைகின்றதென்று அவர் திருத்தக் கொடுத்தார். திருத்தியவர், உள்ளிருந்த காவற்பலகையை நீக்கிக் கம்பியை நேரே இணைத்துவிட்டார். இப்பொழுது விளக்கு அணைவதில்லை. ஆனால் அதனருகே பிள்ளைகள் துயில்வது பாதுகாப்பன்று.

அப்பலகையின் பணி யாது? இலிதியம் அயன் கலம் பொதுவாக 4.2 வோல்ற்றில் நிறைவடையும். அதற்கு மேலும் மின்னேற்றினால் உள்ளுறு பொருள்கள் சிதைந்து, வெப்பமும் வாயுவும் தோன்றி, தீப்பற்றவுங் கூடும். 2.5 வோல்ற்றுக்கு மிகக் கீழே இறங்கவிட்டால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையும். மறுபடி மின்னேற்றுகையில் அச்செம்பு படிந்து குறுஞ்சுற்று உண்டாகலாம். இவ்விரு எல்லைகளையும் காத்து, மிகை மின்னோட்டத்தையும் தடுப்பதே பலகையின் கடமை.

மூன்று கலங்களின் மொத்தம் 12.6 வோல்ற்றாயின் எல்லாம் நலமென எண்ணுவோர் பலர். ஒன்று 4.4, ஏனையவை 4.1 வீதம் இருப்பினும் மொத்தம் 12.6 தானே! கலந்தோறும் தனித்தனியே அளக்கும் பலகைக்கு மட்டுமே இக்கேடு புலப்படும். ஆகவே, விளக்கு இடையில் அணைந்தது பலகையின் பழுதெனக் கொள்ளலாகாது. ஒரு கலம் நலிந்துவிட்டதென்னும் எச்சரிக்கையாகவே அதனைக் கொள்ளல் வேண்டும். ஈய அமில மின்கலத்துக்குரிய ஏற்றியையே இதற்கும் பொருத்துவார் உளர். அது 14 வோல்ற்றுக்கும் மேலே செலுத்துமாதலின், பலகையற்ற அடுக்குக்கு நஞ்சேயாகும்.

திருத்துநரை நாம் பழிக்கவில்லை. அன்றிரவே கடலுக்குச் செல்வோன் அன்றைக்கே விளக்கைக் கேட்கின்றான். 900 மெகாவாற்று நுரைச்சோலை நிலையம் எம் மாவட்டத்திலேயே உள்ளது. எனினும், 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை இருளில் இருந்தோம். அவ்வாண்டு ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. எளியோர் மின்கல விளக்கை நாடியது இயல்பே.

பலகை இருந்தாற் போதுமென்றுங் கூறோம். உப்புக் காற்று அதன் பற்றாசு இணைப்புகளை அரிக்கும். காப்புப் பூச்சும் நீர் புகாப் பெட்டியும் வேண்டும். நசுங்கிய கலத்தையும் தரங்கெட்ட கலத்தையும் எப்பலகையும் காவாது.

இதற்கு நம் கல்லூரி செய்யத்தக்கது ஒன்றுண்டு. பௌதிக ஆய்வுகூடத்தை மாதம் ஒரு மாலை ஊரவர்க்குத் திறந்துவிடலாம். மாணவர் பன்மானி கொண்டு கலந்தோறும் அளந்து காட்டட்டும். பொறியியல் கற்ற பழைய மாணவர் உடனிருந்து வழிகாட்டட்டும். திருத்துநரையும் மதிப்போடு அழைப்போம். புதிய பலகையின் விலை அது காக்கும் மூன்று கலங்களின் விலையிலும் குறைவே.

உடப்புத் திரௌபதியம்மன் கோவிலில் ஆண்டுதோறும் தீ மிதிக்கும் மக்கள் எம்மவர். தீக்குரிய இடத்தையும் காலத்தையும் அவர்கள் நன்கறிவர். துயிலும் பிள்ளையின் தலைமாடு அதற்குரிய இடமன்று.