செருப்பு ஏறாத நாள்

டாக்டர்கள் கேட்கிற கேள்விகளிலேயே கஷ்டமானது, "எப்போலேர்ந்து?" என்பதுதான். எங்கே வலிக்கிறது என்றால் விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். எப்போதிலிருந்து என்றால் குடும்பமே கூரையைப் பார்க்கும். "ஒரு பத்து நாளா இருக்கும்" என்பார் ஒருத்தர். "இல்லையே, பெரியப்பா பையன் கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துதே" என்பார் இன்னொருத்தர். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

எனக்கு இந்த அவமானம் நேராது என்றுதான் நினைத்திருந்தேன். நான்தான் கம்ப்யூட்டரில் குறிப்பு வைத்திருந்தேனே!

2024 ஜூன் 20, வியாழக்கிழமை. அம்மாவுக்கு இரண்டு காலும் கணுக்கால் பக்கம் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நிதானமாக நிரம்பியது. ப்ரெஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவள். மே மாதம்தான் அதை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கியிருந்தது. டாக்டர் கேட்டார்: "வீக்கம், மாத்திரையைக் கூட்டறதுக்கு முன்னாடி வந்ததா, அப்புறம் வந்ததா?"

கேள்வியில் விஷயம் இருக்கிறது. இந்த மாத்திரையாலேயே சிலருக்குக் கால் வீங்கும். டோஸ் ஏற ஏற அதற்கு வாய்ப்பு அதிகம். மாத்திரைதான் காரணம் என்றால், அதைக் குறைத்துப் பார்க்கலாம். அதற்கு முன்பே வீங்கியிருந்தால் இதயம், கிட்னி என்று வேறு பக்கம் தேட வேண்டும். இது தெரியாமல் நீர் போகிற மாத்திரை ஒன்றைச் சேர்த்தால், முதல் மாத்திரை செய்ததைச் சரிக்கட்ட இரண்டாவது, இரண்டாவது செய்வதைச் சரிக்கட்ட மூன்றாவது... எழுபத்தெட்டு வயசில் மாத்திரை டப்பா டிபன் பாக்ஸ் அளவுக்கு வந்துவிடும்.

நான் கம்பீரமாக ஆறு பக்கப் பிரிண்ட் அவுட்டை நீட்டினேன்.

டாக்டர் படித்தார். "ஜூன் பத்து... மே பத்து... ஜூன் பதினொண்ணு... என்ன ஸார், இது எந்த ஊர்க் காலண்டர்?"

மூன்றாம் பக்கத்தில் கால் வீக்கம். ஐந்தாம் பக்கத்தில் மாத்திரை மாற்றம். "இந்த லிஸ்ட்படி வீக்கம்தான் முதல்ல வருது" என்றார்.

"இல்ல டாக்டர், அது ஜூன் மூணாம் தேதி..."

"அது நீங்க எழுதின தேதி. ஆரம்பிச்ச தேதி?"

நான் கூரையைப் பார்த்தேன். ரத்தத்துக்கும் எக்கோவுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்து, "அடுத்த வியாழன் வாங்க. வரிசையா எழுதிட்டு வாங்க. அதுவரைக்கும் நீங்களா எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது" என்று அனுப்பிவிட்டார். ஆட்டோவில் என் மனைவி, "நாப்பது ரூபா நோட்டு ஒண்ணு வாங்கியிருக்கலாம்" என்று ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். மிச்சத்தை நான் ஊகித்துக்கொண்டேன்.

நான் குறிப்பு எழுதுகிற மென்பொருளின் பெயர் டிட்லிவிக்கி. 'விக்கி' என்பது ஹவாய்த் தீவு வார்த்தை. சீக்கிரம் என்று அர்த்தம். ஹொனலூலு ஏர்போர்ட்டில் ஓடிய பஸ்ஸின் பெயரைப் பார்த்து, வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் 1995-ல் தன்னுடைய மென்பொருளுக்கு வைத்தார். பலர் கூடி எழுதுகிற அந்தச் சமாசாரத்தை ஒற்றை ஆளுக்கானதாகச் சுருக்கி, 2004-ல் ஜெரமி ரஸ்டன் என்ற இங்கிலாந்துக்காரர் டிட்லிவிக்கியை வெளியிட்டார். மொத்தமும் ஒரே ஃபைல். காசு கிடையாது. ஒவ்வொரு குறிப்புக்கும் 'டிட்லர்' என்று பெயர். அந்த ஊரில் டிட்லர் என்றால் பொடி மீன். நம் ஊர் அயிரை மாதிரி. அறுபது அயிரையைச் சட்டியில் போட்டு வைத்திருந்தேன், சரி. வரிசையில் நிற்க வைக்கிற வேலையைத்தான் ஒரு மேக்ரோவிடம் விட்டிருந்தேன்.

மேக்ரோ என்றால் பயப்படாதீர்கள். வழக்கமாகப் போகிற ஓட்டலில் உட்கார்ந்ததும், "வழக்கம் போல" என்கிறோமே, அதுதான். இரண்டு இட்லி, வடை தனியாக, காபியில் சர்க்கரை கம்மி என்று தினமும் ஒப்பிக்க வேண்டியதில்லை. ஆனால், 'வழக்கம்' என்றால் என்னவென்று ஒரு தடவையாவது சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். அதில்தான் நான் கோட்டைவிட்டேன்.

என் மேக்ரோ, தலைப்பைப் பார்த்து வரிசைப்படுத்தியது. தலைப்பு என்பது தேதிதான். ஆனால், கம்ப்யூட்டருக்கு அது வெறும் எழுத்து. ஒன்றில் ஆரம்பிப்பதெல்லாம் முதலில். அதனால் 10-க்கு அப்புறம்தான் 3. இரண்டு பத்துகள் வந்தால் ஆங்கிலத்தில் 'ஜே' முன்னால், 'எம்' பின்னால். ஆகவே ஜூனுக்கு அப்புறம் மே! 3 ஜூன் வீக்கம் முந்திக்கொண்டு, 7 மே மாத்திரை பின்னால் போனது இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். 'சமீபத்தியவை' பட்டியலுக்கென்று இதிலேயே ஒரு மேக்ரோ உண்டு. அதைப் போட்டேன். இன்னும் மோசம். நாம் வேறு சொல்லாத வரையில் அது கடைசியாகத் திருத்திய தேதியைப் பார்க்கும். போன வாரம் 'அம்லோடிபன்' என்று இருந்ததை 'அம்லோடிபின்' என்று திருத்தியிருந்தேன். ஓர் எழுத்தைத் திருத்திய பாவத்துக்கு, மே மாதத்து மாத்திரை ஜூன் 16-க்கு வந்து சேர்ந்தது.

சரி, திருத்திய தேதி வேண்டாம், உருவாக்கிய தேதி. மேக்ரோவில் ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் வரிசை தலைகீழாகும். (எங்கள் தொழிலில் ஆச்சரியக்குறி மலிவு. கம்ப்யூட்டரில் அதற்கு இவ்வளவு மரியாதை என்று தெரியாது!) மாற்றிப் பார்த்தால், ஜூன் 9 ராத்திரி அம்மாவுக்கு நாற்பது தடவை ப்ரெஷர் பார்த்த மாதிரி வந்தது. காரணம் இருக்கிறது. அம்மா தினமும் சுவர்க் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில் பென்சிலால் ப்ரெஷரை எழுதுவாள். மே மாதம் மாத்திரை மாறியதும் அதில்தான் இருந்தது. நான் வீக்கத்தைப் பார்த்து ஜூன் 3-ல் குறிப்பு எழுத ஆரம்பித்து, பழையதையெல்லாம் 9-ம் தேதி ஒரே மூச்சில் டைப் அடித்தேன். அடித்து முடித்த பெருமிதத்தில் மே மாதத் தாளைக் கிழித்து அலமாரியில் விரித்து, அதன் மேல் எண்ணெய்த் தூக்கையும் வைத்தாயிற்று.

இன்னொரு வேடிக்கை. இந்த மென்பொருள் தேதியைப் பதினேழு இலக்கமாக வைத்துக்கொள்கிறது. வருஷம், மாதம், நாள், மணி, நிமிஷம், விநாடி, அதற்கும் கீழே மூன்று இலக்கம். எல்லாம் கிரீன்விச் கணக்கு. காட்டும்போது நம் நேரத்துக்கு மாற்றித்தான் காட்டும். நான் புத்திசாலித்தனமாக முதல் எட்டு இலக்கத்தை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டேன். விடிகாலை நாலே முக்காலுக்கு எழுதியதெல்லாம் முந்தின நாள் கணக்கில் போய்விட்டது.

அப்போதுதான் உறைத்தது. தலைப்பை விடுங்கள், மற்ற தேதிகள் எல்லாம் என் கை கீபோர்டைத் தொட்ட தேதி. அம்மாவின் கால் வீங்கிய தேதி எதிலும் இல்லை.

ஒவ்வொரு குறிப்பிலும் 'நாள்' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டேன். நடந்த தேதி மட்டும் அதில். வருஷம் முதலில், அப்புறம் மாதம், அப்புறம் நாள். ஒற்றை இலக்கம் என்றால் முன்னால் ஒரு சைபர்: 2024-05-07. 1988-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேச விதி சொல்கிற முறை இது. பெரியது முன்னால், சிறியது பின்னால் என்பதால், எழுத்து வரிசையில் அடுக்கினாலும் தேதி வரிசையாகவே வந்து நிற்கும். மேக்ரோவிடம், "அம்மா என்று முத்திரை உள்ளதை எடு, 'நாள்' பார்த்து அடுக்கு" என்றேன். அடுக்கியது. ஆனால், கட்டம் காலியாக இருந்த குறிப்புகள் எல்லாம் அழைப்பில்லாமல் வந்து முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டன. 'நாள்' இல்லாதவர்கள் தனிப் பந்தி என்று இன்னொரு வரி சேர்த்தேன்.

அந்தத் தனிப் பந்தியில் கடைசி வரை எழுந்திருக்காமல் இருந்தது ஒன்றே ஒன்று. கால் வீக்கம்.

"அம்மா, கால் எப்போ வீங்க ஆரம்பிச்சது?"

"யாருக்குடா ஞாபகம்? ஒரு மாசம் இருக்கும்."

"மாத்திரை மாத்தறதுக்கு முன்னாடியா?"

"மாத்திரை எப்போ மாத்தினாங்க?"

வேறு வழியில் போனேன். "முதல்ல எப்போ தெரிஞ்சுது?"

"அது தெரியுமே! வைகாசி விசாகத்தன்னிக்கு முருகன் கோயில்ல கும்பிட்டுட்டு வெளியில வந்தா செருப்பு ஏறல. வேற யாரோடதோன்னு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்னோடதேதான். அதுக்கு முன்னாடி வாரம் நல்லாத்தான் ஏறிச்சு."

காலண்டர் கம்பெனி சைட்டில் பார்த்தேன். வைகாசி விசாகம் மே 22, புதன்கிழமை. கட்டத்தில் அடித்தேன். குறிப்பு, மே 7 மாத்திரைக்குப் பதினைந்து நாள் கீழே போய்ச் சமர்த்தாக உட்கார்ந்தது.

வியாழக்கிழமை ஒன்றரைப் பக்கம்தான் கொண்டுபோனேன். எக்கோவும் ரத்தமும் வயசுக்குத் தக்கபடி சரியாகவே இருந்தன. டாக்டர் விசாகத்தில் விரலை வைத்தார், மாத்திரையில் விரலை வைத்தார், பேனாவைத் திறந்தார். மறுபடி 5 மில்லிகிராம். கூடவே வேறு ரகத்தில் ஒரு சின்ன மாத்திரை. நீர் மாத்திரை இல்லை. "செருப்பைக்கூடவா எழுதுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து அம்மா வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். "டேய், இன்னிக்கு ஆனித் திருமஞ்சனம். கோயில்ல செருப்பு நல்லா ஏறிடுச்சு. எழுதிக்கோ!"

எழுதினேன். நாள்: 2024-07-12.