வெயில் எந்தப் பக்கம்?

இந்த வாரம் முழுக்க எனக்குக் கோபம். கொல்லையில் ஒரு பெர்கோலா போடலாம் என்று கான்ட்ராக்டரை வரச் சொன்னோம். அவர் அளந்துவிட்டுப் போய் கொட்டேஷன் அனுப்பியதும் கோபம் முற்றிவிட்டது. தொகை காரணமில்லை. குழாயின் கனம் எவ்வளவு, ரெட் ஆக்சைடு எத்தனை கோட்டு, பெயின்ட் எத்தனை கோட்டு, மேலே போடும் பாலிகார்பனேட் ஷீட்டுக்கு எத்தனை வருஷ வாரண்டி என்று எல்லாம் அதில் இருக்கிறது. வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

திண்ணையை இடித்துக் கார் நிறுத்துகிறவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதியதையெல்லாம் தொடர்ந்து படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொல்லைக்கும் இப்போது அதே கதிதான். முதலில் மண்ணை மூடி சிமென்ட், அப்புறம் டைல்ஸ், கடைசியில் வானத்தை மூடி ஷீட். கறிவேப்பிலை மரம் ஒரு மூலையில் தொட்டிக்குள் நிற்கும்.

எங்கள் அடுக்களைக் கதவு மேற்கே திறக்கிறது. மதுரையில் மேற்கே திறக்கும் கதவு என்றால் மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. பங்குனி பிறந்துவிட்டால் ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைக்க முடியாது. அந்தச் சுவருக்கு நிழல் வேண்டும், சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார இடம் வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

வந்த தம்பி நல்லவர், வெல்டிங் சுத்தமாகச் செய்கிறவர். செல்போனில் படங்களைக் காட்டினார். "அக்கா, பன்னெண்டுக்குப் பத்து. நாலு போஸ்ட்டு, மேல வரிசையா டியூப். ரெண்டே நாள்ல மாட்டிரலாம்." டியூப் எந்தத் திசையில் ஓடும் என்று கேட்டேன். "எப்படி ஓடினாலும் லுக்கு ஒண்ணுதான்க்கா" என்றார்.

என் சண்டை இந்த இடத்தில்தான். லுக்கு ஒன்றாக இருக்கலாம், நிழல் ஒன்றில்லை. அவர் காட்டிய படங்கள் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எடுத்தவை. அங்கே உச்சிப்பொழுதுச் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். சட்டங்களைக் கிழக்கு மேற்காகப் போட்டால் தடுத்துவிடும். மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து பாகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு முறை, சித்திரையிலும் ஆவணியிலும், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிட்டுப் போகிறது. கிழக்கு மேற்காகச் சட்டம் போட்டால் அந்த மாதங்களில் வெயில் சந்து வழியாகவே நாள் முழுக்க நடந்து போகும். வடக்குத் தெற்காக, அகலப் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி போட்டால் காலைச் சரிவையும் மாலைச் சரிவையும் ஓரளவு மறிக்கும். உச்சிவெயிலுக்கு இரண்டுமே உதவாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மாலை நாலேகால் மணிவாக்கில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய முப்பது பாகை உயரத்தில் நிற்கிறது. எட்டடி உயரக் கூரையின் நிழல் அப்போது பதினாலு அடி கிழக்கே தள்ளிப் போய்விடும். எங்கள் கொல்லையில் அந்த நிழல் சுவரில் ஏறிக்கொள்ளும், கீழே நாற்காலியில் உட்கார்ந்தவர் முகத்தில் நேராக வெயில் அடிக்கும். ஆக, மேலே என்ன போட்டாலும் மேற்குப் பக்கம் தொங்குவதற்கு ஒன்று வேண்டும். ஷீட் போட்டால் மழைக்காவது ஆகுமே என்கிறார் தம்பி. ஆகும். ஆனால் சித்திரை மாதம் அந்த ஷீட்டுக்கு அடியில் தேங்கும் சூட்டில் யாரும் உட்கார மாட்டார்கள்.

இவ்வளவையும் அவரிடம் சொல்லிவிட்டு, உறவில் ஒரு விசேஷம் என்று கம்பத்துக்குப் பஸ் ஏறினேன். சின்னமனூர் தாண்டியதும் கோபம் இறங்கிவிட்டது. ரோட்டோரம் திராட்சைப் பந்தல்கள் தொடங்கிவிட்டன.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைத் தின்னாதவர்கள் தென் தமிழ்நாட்டில் குறைவு. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய வகை அது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-ல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. நாசிக் பக்கம் வருஷத்தில் சில மாதங்கள்தான் அறுவடை. கம்பத்தில் வருஷம் பூராவும் ஏதாவதொரு தோட்டத்தில் பழம் இருக்கும். கவாத்து செய்ததிலிருந்து சுமார் நாலு மாதத்தில் பழம் என்பதால் தோட்டத்துக்குத் தோட்டம் முன்பின்னாகக் கவாத்து செய்கிறார்கள். ஒரு பந்தல் இலையே இல்லாமல் வெறும் கம்பியும் கட்டையுமாக நிற்கிறது, வரப்பைத் தாண்டினால் அடுத்த பந்தலுக்குள் இருட்டிக்கிடக்கிறது.

பழத்தை நான் முன்பே நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த முறை பார்த்தது பந்தலை. அதிலும் தூண்களை.

விசேஷ வீட்டுக்காரர்களின் தோட்டத்தில் வெகுகாலமாகப் பந்தல் வேலை செய்கிற ஒரு பெரியவர் கூட்டிப்போய்க் காட்டினார். எல்லாம் கல்தூண். பாறையிலிருந்து பிளந்து எடுத்தது, உளி பட்ட தழும்பு அப்படியே தெரிகிறது. தூணின் மேல்பாதியில் நீலமும் வெள்ளையுமாகக் கறை படிந்திருந்தது. இலைக்கு அடிக்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து, வருஷக்கணக்காகக் கல்லில் ஏறியிருக்கிறது. உள்ளே நிற்கிற தூண்கள் நேராக நிற்கின்றன. ஓரத்தூண்கள் மட்டும் வெளிப்பக்கம் நன்றாகச் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் ஒரு முறுக்குக் கம்பி வெளியே இறங்கி மண்ணுக்குள் போகிறது. அங்கே ஒரு பெரிய கல்லைப் புதைத்து அதில் கட்டியிருக்கிறார்கள்.

"ஓரத்துல ஏன்யா சாய்ச்சு நட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நேரா நட்டா கம்பி உள்ள இழுத்துப்புடும் தாயி. காய் புடிச்சு, மழையும் பேஞ்சு, காத்தும் அடிக்கும்போது பாக்கணும் அதோட இழுவைய. அதுக்குத்தான் மொதல்லயே அதுக்கு எதுக்க சாச்சு நட்டுர்றது."

மேலே கனமான கம்பிகளைத் தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டி, அவற்றின் மேல் மெல்லிய கம்பிகளை நெருக்கமாகப் பின்னியிருக்கிறார்கள். ஆள் குனியாமல் நடக்கிற உயரம், கையைத் தூக்கினால் குலை எட்டுகிற உயரம். கொடி தரையிலிருந்து ஒற்றைத்தண்டாக ஏறுகிறது. பக்கக் கிளைகளையெல்லாம் கிள்ளிவிடுகிறார்கள். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் அது இரண்டு பக்கமும் கை விரிக்கிறது. அந்தக் கைகளிலிருந்துதான் மற்றதெல்லாம். எந்தக் கை எந்தக் கம்பியில் போக வேண்டும் என்பது பெரியவருக்கு அண்ணாந்து பார்த்தாலே தெரிகிறது. வெளியே ரோட்டில் செருப்பைத் தாண்டிச் சூடு ஏறிய மத்தியானம். பந்தலுக்குள் மண் ஈரமாக இருந்தது, இலைக்கு மேலே காற்று போகிற சத்தம் கேட்டது.

அந்தப் பள்ளத்தாக்கில் நிழல் போடத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எடை எந்தப் பக்கம் இழுக்கும், எந்த மாதம் எவ்வளவு இலை இருக்கும், எங்கே வெளிச்சம் விழ வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாடம். ஆனால் டவுனில் ஒருவர் நிழல் வேண்டும் என்று நினைத்தால் இவர்களில் ஒருவரையும் கூப்பிடுவதில்லை. வெல்டிங் பட்டறைக்குத்தான் போன் பண்ணுகிறோம். எனக்கு இது பெரிய வருத்தம். தோட்டத்துக்காரர்கள் சிலர் கொடியை அழித்துவிட்டு வேறு பயிருக்குப் போகும்போது தூண்களைப் பிடுங்கி வரப்பில் அடுக்கிவைக்கிறார்கள். கேட்டால் விலைக்குத் தருவார்கள் என்றார் பெரியவர். ஒரு தலைமுறை பாரம் தாங்கிய கல், இன்னும் பல தலைமுறை தாங்கும்.

மதுரைக்குத் திரும்பியதும் கொட்டேஷனை முதலிலிருந்து எழுதச் சொல்லியிருக்கிறேன். ஷீட் வேண்டாம். நான்கு மூலைக்கும் கல்தூண். மேற்கே இருக்கிற இரண்டும் வெளிப்பக்கம் சாய்ந்து, புதைத்த கல்லில் கம்பி கட்டி நிற்க வேண்டும். கிழக்கே கம்பியின் இழுவையை வீட்டுச் சுவர் தாங்கக்கூடாது. அங்கே மட்டும் தம்பியின் இரும்பு வரட்டும், இரண்டு தூணையும் தலையில் கட்டிப்போட. மேலே கம்பிவலை. மேற்குப் பக்கம் தரைவரைக்கும் கம்பி இறங்க வேண்டும்.

அதில் திராட்சை ஏற்றப் போவதில்லை. அடுக்களை வாசலில் மருந்து அடித்துக்கொண்டிருக்க முடியாது, கவாத்து செய்தால் பந்தல் மொட்டையாகிவிடும். பீர்க்குதான். தையில் விதை ஊன்றினால் பங்குனி வெயில் வருவதற்குள் மேற்குக் கம்பி மூடிவிடும். ஆடியில் மறுபடி ஊன்றலாம், கூடவே அவரையும். பீர்க்கம்பூ சாயங்காலம்தான் மலரும். நாங்கள் காபியோடு வந்து உட்காருகிற நேரத்துக்குத்தான் அந்த மஞ்சள் விரியத் தொடங்கும். பாகலோ விடிகாலையிலேயே பூத்துவிடும், எனக்கு அது சரிப்படாது. முதலில் வருகிற பூவெல்லாம் ஆண்பூவாக இருக்கும். காய் பிடிக்கவில்லையே என்று யாரும் கொடியைப் பிடுங்கிவிட வேண்டாம், பிஞ்சோடு பெண்பூ பின்னால் வரும்.

தம்பி மறுக்கவில்லை. சாய்ந்த தூண் என்றதும் முதலில் திகைத்தார். நான் எடுத்துவந்த படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். முறுக்குக் கம்பி மண்ணுக்குள் இறங்குகிற படத்தில் வெகுநேரம் நின்றார். "இது கரெக்ட்டுக்கா, டவருக்கு ஸ்டே கட்டுவோம்ல, அதே மாதிரிதான்" என்றார். பெரியவரின் போன் நம்பரை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். எத்தனை அடி புதைப்பது, எவ்வளவு சாய்ப்பது என்று இருவரும் பேசிக்கொள்ளட்டும். கம்பத்திலிருந்து நான்கு தூணுக்கு மட்டும் தனியாக வண்டி பிடிக்க வேண்டியிருக்கிறது, அதுதான் உறுத்துகிறது. தேனிப் பக்கமிருந்து மதுரைக்குக் காலியாகத் திரும்பும் லாரி யாருக்காவது தெரிந்திருந்தால் ஆசிரியர் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். மார்கழி முடிவதற்குள் தூண் நட்டாக வேண்டும்.