மாசம் மூணு மணி நேரம்: எஸ்ஐபி தராத ஒரு ரிட்டர்ன்

எஸ்ஐபி, டெர்ம் இன்சூரன்ஸ், எமர்ஜென்சி ஃபண்ட்னு வழக்கமா சொல்றதை இன்னைக்கு சொல்லப் போறதில்ல. பணம் வேண்டாம். மாசத்துல ஒரு சனிக்கிழமை, மூணு மணி நேரம் உங்க ஊருக்குக் கொடுங்க. ஏன்னு சொல்றேன்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாக முதலில் தொடங்கியது எங்க தருமபுரி மாவட்டத்தில்தான். 1989-ல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோட. அப்போ கிருஷ்ணகிரியும் எங்க மாவட்டத்துக்குள்ளதான் இருந்தது. பிறகு மகளிர் திட்டம்ங்கிற பேர்ல மாநிலம் முழுக்கப் பரவிச்சு. 12 முதல் 20 பெண்கள் சேர்ந்து சேமிக்கணும், அந்தப் பணத்தையே தங்களுக்குள்ள கடனா கொடுத்துக்கணும், எல்லாத்தையும் நோட்டுல எழுதணும். அந்த நோட்டு சரியா இருந்தாத்தான் பேங்க்ல கடன் கேட்க முடியும்.

நான் சிஏ ஆர்ட்டிகிள்ஷிப்ல இருந்தப்போ, அரூர் பக்கம் எங்க சித்தி இருந்த குழுவுக்குக் கணக்கு எழுதப் போனேன். எழுதிட்டிருந்த பொண்ணு கல்யாணமாகி வெளியூர் போயிருந்துச்சு. பந்தாவா ஒரு பேலன்ஸ் ஷீட் போட்டுக் கொண்டுபோனேன். ஒரு அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "தம்பி, இதுல என் பணம் எங்கப்பா இருக்கு?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியல.

அது பரவாயில்ல. மூணாவது மாசம், இன்னொரு அக்கா 500 ரூபாய் கட்டினதா சொன்னாங்க. நோட்டுல இல்ல. பேச்சு வளர்ந்து, அவங்க கூட்டத்துக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. ஒவ்வொருத்தர் பாஸ்புக்கா ஒத்துப் பார்த்தப்போதான் தெரிஞ்சது, பக்கத்துப் பேர்ல வரவு வெச்சிருந்தேன். தப்பு என்னோடது. 15 பேர் முன்னாடி எழுந்து நின்னு மன்னிப்பு கேட்டேன். ஆபீஸ்ல இதே தப்பு ஒரு ரிவ்யூ பாயின்ட், அவ்வளவுதான். அங்க அது ஒரு மனுஷியோட நாணயம். வரவு வைக்கும்போது பேரை ரெண்டு தடவை படிக்கிற பழக்கம் எனக்கு அன்னைக்கு வந்ததுதான்.

வட்டியையும் அங்கதான் நிஜமாப் புரிஞ்சுக்கிட்டேன். 15 பேர், மாசம் 100 ரூபாய், ஒரு வருஷத்துல 18,000. அதை ரெண்டு வட்டிக்கு விட்டா வருஷத்துக்கு 24 சதவீதம். அதிகமாத் தெரியுதா? அந்த வட்டி அவங்க குழுவுக்கே திரும்பி வருது. நீங்க கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டினா, பல கார்டுகளில் மாசம் 3 சதவீதத்துக்கு மேல போகுது. அது உங்களுக்குத் திரும்பி வராது.

"சார், இஎம்ஐ இருக்கு, சனிக்கிழமையும் வேலை, வீட்டு வேலை வேற"ன்னு சொல்வீங்க. நியாயம்தான். முடியாத மாசம் கட்டாயப்படுத்திக்க வேண்டாம். ஆனா ரீல்ஸ்ல மூணு மணி நேரம் போகுதுன்னா, அந்தக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க.

வரிச் சலுகை கிடைக்குமான்னு கேட்டா, கிடைக்காது. 80ஜி பணமாக் கொடுக்கிற நன்கொடைக்குத்தான், நேரத்துக்கு இல்ல. புது வரி முறையில பணத்துக்கும் இல்ல. அதனால சலுகைக்காகவோ, ரெஸ்யூமேல ஒரு வரிக்காகவோ போகாதீங்க. போட்டோ எடுத்துட்டு அடுத்த மாசம் காணாமப் போறவங்களை நம்பி ஏமாந்தவங்க ஊர்ல நிறைய.

போறதா இருந்தா நாலு விஷயம்:

1. உங்களுக்குத் தெரிஞ்ச வேலையையே கொடுங்க. கணக்கு, கம்ப்யூட்டர், பேங்க் படிவம், எதுவானாலும் சரி.
2. பணத்தைக் கையில வாங்காதீங்க. எழுதுறதோட நிறுத்திக்கங்க.
3. அங்க போய் பாலிசி, ஃபண்ட் எதையும் விற்காதீங்க.
4. முதல் நாளே ஒரு உறுப்பினரைப் பக்கத்துல உட்கார வெச்சு எழுதப் பழக்குங்க.

அந்தக் குழுவுக்கு இப்போ நான் தேவையில்ல. பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து என் பணம் எங்கன்னு கேட்ட அதே அக்காதான் கணக்கு எழுதுறாங்க. நான் போட்ட மூணு மணி நேரத்துக்குக் கிடைச்ச ரிட்டர்ன் அதுதான்.

இந்த மாசம் எந்தச் சனிக்கிழமைன்னு இப்பவே காலண்டர்ல குறிச்சு வெச்சிடுங்க.