பகடை விழுந்தபடி ஆடுங்கள்

விடுமுறையில் பால்டர்ஸ் கேட் 3 விளையாடத் தொடங்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பகடையில் தோற்றவுடன் பழைய சேமிப்புக்கு ஓடாதீர்கள்.

பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட இந்த மாயாஜால விளையாட்டில் பூட்டைத் திறப்பதும் காவலாளியைப் பேசி மடக்குவதும் 20 முகப் பகடையின் கையில் இருக்கின்றன. 1 விழுந்தால் எந்தத் திறமையும் உதவாது. பிரிக்பீல்ட்ஸில் என்னோடு தேநீர் குடிக்கும் நண்பர்களில் பலர், வெற்றி விழும்வரை திரும்பத் திரும்ப உருட்டுகிறார்கள். ஒரு மதிப்பெண்ணும் குறையக்கூடாது என்று வளர்க்கப்பட்ட நமக்கு அது இயல்புதான். கிள்ளான் தோழி ஒருத்தி மட்டும் விழுந்ததை ஏற்று ஆடுகிறாள். அவளுக்குக் கிடைத்த கதை எங்கள் யாருக்கும் கிடைக்கவில்லை. நான் அவள் கட்சி.

சண்டை முறை வைத்து நடப்பதால் நிதானமாக யோசிக்கலாம். முதலில் மேட்டில் ஏறுங்கள். அங்கிருந்து அம்பு எய்தால் பகடையோடு 2 கூடும். பள்ளத்தின் விளிம்பில் நிற்பவனைத் தள்ளிவிடத் துணைச் செயல் போதும், வாள் வீசும் வாய்ப்பு மிஞ்சும். உணவைப் பதுக்காதீர்கள். நடுத்தரக் கடின நிலையில் முழு ஓய்வுக்கு 40 அளவு உணவு போதும். மந்திரங்கள் திரும்பும், கூட்டாளிகளின் கதைகளில் பல இரவு முகாமில்தான் அவிழும். (இது பெரியவர்களுக்கான விளையாட்டு, தம்பி தங்கைகளுக்கு வேண்டாம்.)

வசனம் தமிழில் இல்லை, மலாயிலும் இல்லை. லேரியனுக்குக் கோலாலம்பூரிலேயே கிளை இருக்கிறது, கேட்டு எழுதலாமே.