"ஃபீல் பண்ணாதே!"

மயிலாப்பூர் மாட வீதியிலும், தி. நகர் பாண்டி பஜாரிலும், அடையாறு பஸ் நிறுத்தத்திலும் ஓர் ஆங்கிலச் சொல் ஓயாமல் காதில் விழுகிறது. மார்க் குறைந்த மாணவனுக்கும் "ஃபீல் பண்ணாதே" என்று ஆறுதல். வேலை இழந்தவருக்கும் அதுவே. தாயைப் பறிகொடுத்தவருக்கும் அதுவே!

ஆங்கிலத்தில் இச்சொல்லின் ஆதிப் பொருள் தொட்டு அறிதல். உள்ளத்து உணர்ச்சிகள் பின்னால் வந்து சேர்ந்தன. இன்று ஆங்கிலேயர் துணியைத் தொடுவதற்கும், இருட்டில் துழாவுவதற்கும், கருத்துச் சொல்வதற்கும், துக்கப்படுவதற்கும் இந்த ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். 1965-ல் சென்னைப் பல்கலைக் கழகம் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தைப் புரட்டினால், இதற்கு நேராகப் பல தமிழ்ச் சொற்கள் நிற்பதைக் காணலாம்.

தமிழின் வழி வேறு. கடையில் பட்டுப் புடவையைத் தொட்டுப் பார்க்கிறோம். வைத்தியர் நாடி பிடித்துப் பார்க்கிறார். காய்ச்சலா என்று தாய் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். இருட்டில் சுவரைத் தடவுகிறோம். பைக்குள் சாவியைத் துழாவுகிறோம். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு சொல்!

"எனக்குக் குளிர்கிறது", "எனக்குப் பசிக்கிறது" என்பது நம் வழக்கு. குளிரும் பசியும் தாமே வந்து சேருகின்றன. இதை விட்டு, "நான் பசியை உணர்கிறேன்" என்று எழுதுவது தமிழ் உடுத்திய ஆங்கிலம்.

தொடு உணர்ச்சியிலிருந்து உள்ளத்துக்குச் செல்லும் பாதையும் தமிழில் உண்டு. சொல் சுடுகிறது, நெஞ்சில் தைக்கிறது, மனம் உருகுகிறது, புண்படுகிறது, ஏதோ ஒன்று நெருடுகிறது. சிரிப்பு, அழுகை, இழிவு, வியப்பு, அச்சம், பெருமிதம், கோபம், மகிழ்ச்சி என எட்டு உணர்ச்சிகளை மெய்ப்பாடு என்ற பெயரில் தொல்காப்பியம் அன்றே வகுத்துவிட்டது.

பஸ், காபி போன்ற சொற்கள் புதிய பொருள்களோடு வந்தவை. அவற்றால் கேடு இல்லை. ஆனால் "ஃபீல்" பல சொற்களை விரட்டிவிட்டு அவற்றின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

இது மொழிப்பற்று பற்றிய விஷயம் மட்டும் அல்ல. "ஒரே ஃபீலிங்கா இருக்கு" என்று மகன் சொன்னால் பெற்றோருக்கு என்ன விளங்கும்? பயமா, அவமானமா, ஏக்கமா, மனத்தாங்கலா? பயந்தவனுக்குத் துணை வேண்டும். அவமானப்பட்டவனுக்கு மரியாதை வேண்டும். நோய் தெரியாமல் மருந்து தருவது எப்படி?

டாக்டரிடம் "ஒரு மாதிரி ஃபீல் பண்றேன்" என்று நிறுத்திக்கொள்வது இன்னும் ஆபத்து. மயக்கமா, படபடப்பா, மூச்சுத் திணறலா, மார்பு வலியா என்று சொன்னால்தான் உரிய சிகிச்சை உடனே கிடைக்கும்.

ஆகவே, குழந்தை முகம் வாடி வந்தால் "ஃபீல் பண்ணாதே" என்று வாயை அடைக்க வேண்டாம். "உனக்கு என்ன செய்கிறது, கண்ணே?" என்று பெற்றோர் கேட்கட்டும். சரியான சொல் கிடைத்தாலே பாதித் துயரம் தீரும்.