கரை உடையும் முன் காவல் வேண்டும்!

மழைக்காலம் வந்துவிட்டால் மதுராந்தகத்தில் எல்லார் கண்ணும் ஏரிக்கரை மேல்தான். உடைந்த பிறகு ஓடி என்ன பயன்? சிறுநீரகமும் அப்படித்தான். பெரும்பகுதி பழுதாகும் வரை வலி இருக்காது. தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்!

எச்.ஐ.வி. கிருமியோடு பல வருடமாக மாத்திரை சாப்பிட்டு வருகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், சென்னையில். அன்று எய்ட்ஸ் என்றாலே சாவு என்று பெயர். 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி முதல் மையங்களில் ஒன்று. இன்று தினம் ஒரே மாத்திரை போதும். ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் வேலைக்குப் போகிறார்கள், பேரன் பேத்தியைக் கொஞ்சுகிறார்கள். மகத்தான வெற்றி!

ஆனால் ஆயுள் கூடக்கூட சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வருகின்றன. இரண்டும் சிறுநீரகத்துக்கு எதிரி. போதாததற்கு, அந்த மாத்திரையில் உள்ள டெனோபோவிர் என்ற மருந்து சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

அதற்காக மாத்திரையை நிறுத்தலாமா? கூடவே கூடாது! நிறுத்தினால் கிருமி தலைதூக்கும். அந்தக் கிருமியே சிறுநீரகத்தைத் தாக்கும். செய்ய வேண்டியது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை, கூடவே சிறுநீர்ப் பரிசோதனை. பாதிப்பு தெரிந்தால் டாக்டர் மாற்று மருந்து தருவார். அதே மாத்திரையில் உள்ள டோலுடெகிராவிர், சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே கிரியேட்டினின் அளவைச் சற்று உயர்த்திக் காட்டும். எனவே சீட்டைப் பார்த்துத் தாமாக முடிவு கட்ட வேண்டாம்.

இன்னொரு ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. வெயிலில் தண்ணீர் கூடக் குடிக்காமல் நாளெல்லாம் உழைத்து, இடுப்பு வலி என்று டைக்ளோபினாக் வாங்கி விழுங்குகிறார்கள். டெனோபோவிரோடு இது சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கக்கூடும்!

‘நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று கடைக்காரரிடம் சொல்லிவிடலாமே? சொன்னால் ஊர் பேசுமே என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். 2017-ல் கொண்டுவரப்பட்டு 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், ஒருவர் நோயைச் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது; சிகிச்சை மறுப்பதையும், வேலையை விட்டு நீக்குவதையும் தடுக்கிறது. சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? அக்கம்பக்கத்து வாய்க்கும் ஒரு பூட்டு வேண்டாமா?

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ரத்தம் எடுத்தால் மட்டும் போதாது. முடிவு என்ன, போன தடவைக்கு இப்போது எப்படி என்று நோயாளிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு அந்த ஐந்து நிமிடம் தர முடியாதா?

சந்தேகம் கேட்க 1097 இருக்கிறது, கட்டணம் கிடையாது. எய்ட்ஸிடமிருந்து மீட்ட உயிரைச் சிறுநீரகத்தில் பறிகொடுக்கலாமா?